வேற காட்டு

விருதுநகர் பஜாரில் பூட்டைத் தொடுவதற்கு முன் தொண்டையைத் தொடுவோம். கழுத்துப்பட்டையில் 'சொற்சீராக்கி' பச்சையாக எரிந்தால்தான் தெருவில் வாய் திறக்க முடியும். முணுமுணுத்தால் போதும். பட்டை நம் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டுத் திரையில் ஒரு வாக்கியம் காட்டும். தட்டினால் நம் குரலிலேயே வெளியே வரும். திருப்தியில்லையா? "வேற காட்டு" என்றால், அதைவிட இலக்கணச் சுத்தமாக இன்னொன்று. வாய்த் தகராறு வழக்குகள் நீதிமன்றத்தை அடைத்துக்கொண்ட பிறகு வந்த சட்டம் இது. வீட்டுக்குள் மட்டும் விலக்கு.

பேரம் அன்றோடு செத்தது. "என்ன அண்ணாச்சி, யானை விலை சொல்றீங்க?" என்று சண்டைக்கு வரும் பெண்ணின் வாயிலிருந்து "விலையைக் குறைக்க இயலுமா?" என்று வரும். என் வாயிலிருந்து "இயலாது" என்று வரும். இதில் என்ன ருசி?

எதிர்க்கடைப் பாத்திரக்காரன் கனகவேல் மட்டும் பட்டையோடேயே பேரம் பேசினான். முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்காத பரம்பரை. முதலில் வந்த வாக்கியத்தையும் வாங்கமாட்டான். பழக்கம் முற்றி, கடைக்கு மேலிருந்த வீட்டிலும் பட்டையைக் கழற்றுவதில்லை.

ஒரு நாள் மாடியில் அவன் மனைவி ஜெயரூபியின் குரல் தெருவரை கேட்டது.

"சாப்பிட்டியான்னு கேக்க மூணு தடவை திருத்துறீங்களே, நான் என்ன கஸ்டமரா? கழட்டி வைங்க அதை. தப்பாவே பேசுங்க!"

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல்: "உன் கோரிக்கை நியாயமானதே."

ஜெயரூபி பெட்டியோடு இறங்கிவிட்டாள்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் எனக்கு அந்த நடை தெரியும். ஆசைப்பட்ட சேலையை மடித்து வைத்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போகிறவள் நடை. கால் முன்னால் போகும், காது கடையிலேயே இருக்கும். தெருமுனைக்குள் கடைக்காரன் கூப்பிட்டாக வேண்டும்.

கனகவேல் பின்னாலேயே ஓடிவந்து தெருவில் நின்றான். முணுமுணுத்தான். நான் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். 'தயவுசெய்து செல்லாதே.' போதாதா? "வேற காட்டு." 'நீ செல்வதை நான் விரும்பவில்லை.' "வேற காட்டு."

எதையாவது தட்டித் தொலைடா என்று நான் முணுமுணுத்துத் தட்டினேன். "விரைந்து தேர்ந்தெடுப்பாயாக" என்று வெளியே வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பொறுங்கள் என்று அவன் கை காட்டினான். வாழ்க்கையிலேயே பெரிய கொள்முதல், அவசரப்படலாமா?

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். ஒரு பேருந்தை விட்டாள். அடுத்ததில் ஏறிவிட்டாள்.

அது திருப்பத்தில் மறைந்த பிறகுதான் தட்டினான். "உன் பிரிவை என்னால் தாங்க இயலாது, திரும்பி வருவாயாக." ஒரு பிழை இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் நான் வீட்டில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, அவுக கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாம்மா. பஸ் போன பிறகு."

"என்ன சொன்னாக?"

சொன்னேன்.

"இவ்வளவா கேட்டேன்? 'ஏய் ரூபி'ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, பெட்டிய ரோட்டுல போட்டுட்டு வந்திருப்பேனே அண்ணாச்சி."