நகர மறுத்த சுவர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: அடித்தளப் பள்ளத்தின் தடுப்புச் சுவர், தலைமை வடிவமைப்பாளரின் முன் அனுமதி பெறாமல், நகராமல் நின்றுவிட்டது.

அவர் கணக்குப்படி அது முப்பது மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் பெண் காட்டியதோ ஐந்து. ஆகவே அவள் பொய் சொல்கிறாள்; மாலையோடு வேலை போச்சு. அவள் நேரே, கட்டடங்களுக்கும் மண்ணுக்கும் நடக்கும் தகராறுகளைத் துப்பறிந்தே பிழைக்கும் ஆய்வாளரிடம் வந்தாள்.

"ரூம்ல உக்காந்து கைக்கு வந்ததை எழுதினேன்னு சொல்றார் சார். வெயில்ல நின்னு எடுத்தது."

ஆய்வாளர் பள்ளத்தை ஒட்டியிருந்த பல் மருத்துவமனைக்குள் போனார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வலி யாருக்கு? உங்களுக்கா, கதவுக்கா?" என்றார் பல் மருத்துவர்.

அடுத்து ஆய்வாளர், பள்ளத்தின் ஓரத்தில் தரையில் ஒரு பலகையை வைத்து, அதைச் சுத்தியலால் அடிக்கும்படி தன் உதவியாளரிடம் சொன்னார். சற்றுத் தள்ளிப் புதைத்த கருவி அதிர்வைப் பதிவு செய்தது.

"இன்னும் ஓங்கிப் போடவா சார்?"

"பலகை பாவம்யா, விடு."

மாலையில் எல்லோரும் தளத்து அறையில் கூடினார்கள். வெளியே பம்பு இரைந்தது. தலைமை வடிவமைப்பாளர் மட்டும் உட்காராமல், பேனாவை மூடுவதும் திறப்பதுமாக நடந்துகொண்டிருந்தார்.

"சுவர் முப்பது நகர்ந்திருந்தா பக்கத்துத் தரை இறங்கி, அந்தக் கதவு நிலையில சிக்கியிருக்கும். அது வழுக்கிக்கிட்டு மூடுது," என்றார் ஆய்வாளர். "இவங்க அளவு நிஜம்."

"அப்போ என் கணக்கு தப்பா?"

"கூட்டல் சரிதான். மண்ணோட விறைப்புக்கு எந்த எண்ணைப் போட்டீங்க?"

"ஆய்வகத்துல மண் மாதிரியை அதோட உயரத்துல நூத்துல ஒரு பங்கு நசுக்கி எடுத்தது."

"சுவருக்குப் பின்னால இருக்கிற மண்ணு அதுல இருபதுல ஒரு பங்குதான் நசுங்கியிருக்கு. கொஞ்சமா அசைச்சா மண்ணு முரண்டு பிடிக்கும், போகப்போகத்தான் இளகும். நீங்க இளகினப்புறம் அளந்ததை முதல் அசைவுக்கே கொடுத்துட்டீங்க. பலகையிலிருந்து வந்த அலையோட வேகத்தை வச்சு, கலையாத மண்ணோட விறைப்பைப் பார்த்தோம். உங்க எண்ணைப் போல எட்டு மடங்கு. மண்ணு அசைய அசைய அந்த விறைப்பு குறையுற விதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஆறு மில்லிமீட்டர் வருது."

"அப்ப குற்றவாளி?" என்றார் உதவியாளர் ஆவலாக.

"ஒரே ஒரு எண்."

தலைமை தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு. சரிம்மா, நாளையிலிருந்து நீங்க வழக்கம்போல வரலாம்."

அவள் அப்போதே எழுந்து வெளியே போனாள். மாலை அளவு இன்னும் எடுக்கவில்லை.