இரண்டாவது வில்லை

திரையில் 'ஒன்று' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இரண்டு' என்று இருந்தது.

மிலூத் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். முன்பு ரேடியோ இருந்த ஓட்டையில் அவனே பொருத்திய, தீப்பெட்டி அளவுத் திரை. சாவி இல்லாமலே வண்டியைக் கிளப்பும் கருவி அது. முப்பது வயதான பெஜோ காரின் சாவித்துளை தேய்ந்து, எந்தக் கத்திமுனையை நுழைத்தாலும் திரும்பும் நிலைக்கு வந்தபோது, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்னால் இருந்த கம்பிகளை ரிலேக்களோடு சேர்த்துப் பற்றவைத்து, எல்லாவற்றையும் ஒரு ஹல்வா டப்பாவுக்குள் அடைத்து, மூன்று வெள்ளிக்கிழமைகள் முதுகு ஒடியக் குனிந்து கிடந்து செய்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வில்லை ஒன்று பையில் இருந்தால் போதும். பக்கத்தில் வந்ததும் கதவுப் பூட்டுகள் திறக்கும். பொத்தானை அமுக்கினால் எஞ்சின் கிளம்பும். வில்லை விலகிப் போனால் பத்து நொடியில் அணைந்துவிடும். பதினைந்து மீட்டருக்குள் எத்தனை வில்லைகள் இருக்கின்றன, அவற்றில் தள்ளி இருப்பது எவ்வளவு தூரத்தில் என்பதையும் திரை காட்டும்.

அவன் செய்ததே இரண்டு வில்லைகள்தான். ஒன்று அவன் சட்டைப்பையில். இன்னொன்று தம்பி ஹவாரியின் கழுத்தில். எதையும் தொலைத்துவிடுகிறவன் என்பதால் மெழுகு ஊற்றி, தோலுக்குள் வைத்துத் தைத்து, தாயத்துபோல மிலூத்தே கட்டிவிட்டது.

ஹவாரி அக்கரைக்குக் கள்ளப் படகேறி நாற்பத்தொரு நாள் ஆகிறது. இதுவரை ஒரு தகவலும் இல்லை.

"அந்தப் பையனோட வில்லைய கருவியிலேருந்து அழிச்சிடுடா. எவன் கையிலயாவது கிடைச்சா வண்டி போயிடும்" என்று பட்டறை வைத்திருக்கும் கத்தூர் போன வாரம் சொன்னான்.

"மீனு வந்து ஓட்டிட்டுப் போகுமா?" என்று சொல்லிவிட்டு மிலூத்துக்கே நாக்கு கூசியது. அன்றிரவு கணினியை மடியில் வைத்து உட்கார்ந்தான். 'அழிக்கவா?' என்று அது கேட்டது. விரல் போகவில்லை. அழித்தால் தம்பி செத்துவிட்டான் என்று தானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். அம்மாவும் துக்கம் கேட்க வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தாள். "உடம்பு வந்துச்சா? வரல இல்ல? அழுவுறதுன்னா உங்க வீட்ல போயி அழுங்கடி."

இன்று, கரையில் ஒதுங்கிய ஒரு உடல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவே துணியை விலக்கினாள். கால் விரல்களைப் பார்த்தாள். "இவன் இல்ல." பிறகு, யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்காக ஃபாத்திஹா ஓதினாள். திரும்பும் வழியில், மலைமேல் இருந்த பள்ளிவாசலிலிருந்து அந்தி நேர மஃரிப் பாங்கு கேட்டதும், "இங்கயே நிறுத்து. தொழுதுக்கிறேன்" என்றாள்.

வேறு எங்கு சொல்லியிருந்தாலும் தயங்காமல் நிறுத்தியிருப்பான். இங்கே மனமில்லாமல்தான் நிறுத்தினான்.

இந்தக் கடலோரத்துக்குத்தான், ஒரு விடியற்காலையில், இதே வண்டியில், அவன் ஹவாரியைக் கொண்டுவந்து விட்டான். பிடிபட்டால் எந்த நாடு என்று தெரியாமலிருக்க, கடலைத் தாண்டிப் போகிறவர்கள் செய்வதுபோலப் பையன்கள் அடையாள அட்டைகளைக் குவித்துக் கொளுத்தியதை, குளிருக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அம்மாவுக்கு இது தெரியாது. "எம்புள்ளைய அந்தப் படகுல ஏத்திவிட்டவன் மட்டும் என் கண்ணுல படட்டும்" என்று ரொட்டிமாவைப் பிசைந்தபடி தினமும் சொல்கிறாள். மிலூத் தினமும் அந்த ரொட்டியைச் சாப்பிடுகிறான். அது தெரிந்துபோனால் அவனுக்கு இந்த உலகத்தில் அம்மாவும் இல்லை.

திரை மினுங்கியது. பதினான்கு மீட்டர்.

கடல் பக்கம் பார்த்தான். மணல் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அலை வந்து, கூழாங்கற்களை உருட்டி, பல்லைக் கடிப்பதுபோன்ற ஒலியோடு பின்வாங்கிப் போனது. யாரும் இல்லை. அம்மா சாலையோரத்தில் பாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்று.

"யம்மா, சீக்கிரம் வா."

"இப்பதான தொழுது சலாம் கொடுத்தேன். அல்லாவுக்கே அவசரம் இல்ல, உனக்கு என்னடா?" முனகியபடியே பின் இருக்கையில் ஏறினாள். கால் வலிக்கு நீட்டி உட்கார அவளுக்கு அதுதான் வசதி.

பொத்தானை அமுக்கினான். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. ஒரு நிமிடத்தில் இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் எண் குறைந்து ஒன்றாகிவிடும். அப்படித்தான் ஆக வேண்டும். அவன் எலெக்ட்ரீசியன். கம்பிக்குள் ஓடுவதைத் தவிர வேறு எதையும் நம்பாதவன்.

எண் மாறவில்லை. இரண்டு. பதினொரு மீட்டர்.

வேகத்தைக் கூட்டினான். வேலிக்கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. ஒன்பது.

"எதுக்குடா பறக்குற? போலீஸ்காரனா துரத்துறான்?"

"ஒண்ணுமில்ல யம்மா."

"உங்கப்பன் இப்படித்தான் ஓட்டுவாரு. கழுதை மேல."

ஆறு.

ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. ஆனாலும் வாசனை வந்தது. முதலில் கடற்பாசி. அப்புறம் படகு டீசல். அப்புறம், நாள்கணக்கில் ஊறி உலராத கம்பளித் துணியின் நாற்றம்.

மூன்று.

பின்னால் சாலை வெறுமையாக இருந்தது.

ஒன்று.

டக். நான்கு கதவுகளின் பூட்டுகளும் சேர்ந்து மேலே எழும்பின. எந்தக் கதவும் திறக்கவில்லை. காற்றுகூட உள்ளே வரவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் இடதுபுறமாக அமிழ்ந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமிழுமே, அப்படி.

பூஜ்யம்.

கருவி கோளாறு. அவ்வளவுதான். என் வில்லையையே இரண்டு தடவை எண்ணுகிறது. அதற்குள் ஈரம் இறங்கியிருக்கும். மிலூத் சட்டைப்பையில் கைவிட்டான். கண்ணாடியை இறக்கி, தன் வில்லையை இருட்டுக்குள் வீசினான். இனி வண்டி நின்றுவிட வேண்டும். நின்றால் எல்லாம் சரி. நின்றுவிட்டால் வீடுவரை நடந்தே போவான், அம்மாவை முதுகில் சுமந்து.

எண்ணினான். எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்று.

பதினைந்து.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சீராக.

திரையில் ஒன்று.

பின்னால் அம்மா நகரும் சத்தம். "இரு, இரு. தள்ளி உக்காந்துக்கிறேன்."

யாரிடம் சொல்கிறாள்?

"இப்படி நனஞ்சிருக்கியேடா." முக்காட்டின் நுனியை அவள் பிழியும் சத்தம். தரையில் தண்ணீர் சொட்டியது. மறுபடி பிழிந்தாள். மறுபடி சொட்டியது. "சொல்லு. மெதுவா சொல்லு, ராசா."

நீண்ட நேரம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை, மிக மெதுவாக, "ம்" என்றாள்.

மிலூத்தின் கால் பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை. செருப்புக்குள் குளிர்ந்த நீர்.

"யாரு கொண்டாந்து விட்டது?" என்று அம்மா கேட்டாள்.

அலை ஒலி. வண்டிக்குள்.

"யாருடா?"

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவன் மேலே இருந்த, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். அம்மாவின் கண்கள் மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தன. அவள் தோளில் சாய்ந்திருந்த ஈரத் தலையும் நிமிர்ந்தது.