ஒன்பதாம் எண் வில்லை

ஏரிக்கரைப் பலகையில் எண் போட்ட வட்ட மரவில்லை ஒன்றே ஒன்று தொங்கியது, அதுவும் சொட்டச் சொட்ட நனைந்து. அக்டோபர் பிறந்துவிட்டது, இந்தப் பூங்காவில் குளிக்கும் துறையை மூடி ஒரு மாதம் ஆகிறது. பைன் ஊசிகள் மக்கும் வாடையும், படகுத்துறைக் கட்டைகளில் தண்ணீர் மோதி மோதி விலகும் சத்தமும் மட்டும்தான். அங்கே ஈ காக்கை இல்லை. மார்லிஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். வில்லையில் ஒன்பது என்று எழுதியிருந்தது. அவள் தங்கை ஆர்டிஸின் எண்.

டுவெய்ன் பாவம், ஒன்றும் அறியாதவன். மனைவி ஏன் இந்த ஏரிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முப்பது வருடத்தில் ஒருமுறைகூடத் துருவிக் கேட்காத மனுஷன், இன்றைக்கென்று பிடிவாதமாக, பிளாஸ்கில் காபியோடு அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

பலகையின் இடப்பக்கம் 'தண்ணீர்', வலப்பக்கம் 'கரை'. அந்தக் காலத்தில் இங்கே குளிக்க வரும் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்கவேண்டும். இறங்கும்போது வில்லைகளைத் தண்ணீர்ப் பக்கம் மாட்டி, ஏறியதும் இருவருமாகக் கரைப் பக்கம் மாற்றவேண்டும். பதினோரு வயது மார்லிஸுக்கு அன்று ஐஸ்கிரீம் வண்டி போய்விடுமே என்ற அவசரம். தங்கை பின்னாலேயே வருவாள் என்று தன் எட்டையும் அவள் ஒன்பதையும் சேர்த்தே மாற்றிவிட்டு ஓடினாள். குளிக்கும் துறைக் காவலர் விசில் ஊதிப் பலகையைப் பார்த்தார். எல்லாரும் கரையில். ஒரு மணி நேரம் யாரும் தேடவில்லை. சாயங்காலம் ஆர்டிஸைப் படகில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வில்லையை மாற்றியது ஆர்டிஸ்தான் என்று மார்லிஸ் செத்தவள் மேலேயே பழியைப் போட்டாள். பாவி. அந்தப் பொய் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

"என்ன அப்படிப் பாக்கற?" என்றான் டுவெய்ன்.

சொல்லிவிடலாம். இப்போதே. வாய் வரை வந்தது.

"ஒண்ணுமில்ல. யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க," என்றபடி, பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், வில்லையைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து கழற்றிக் கரைப் பக்கம் மாட்டினாள்.

அதே கை. அதே ஆணி.

பின்னால் தண்ணீர் ஒருமுறை சளக்கென்றது.

காருக்குப் போகும் வழியெல்லாம் சருகு. இரண்டு பேர் நடந்தார்கள். மூன்று பேர் நடக்கும் சத்தம். அவள் நின்றாள். அதுவும் நின்றது, ஓரடி தள்ளி.

கார் கிளம்பியதும் பீப் பீப் என்று கத்தியது.

"பின்சீட்ல யாரோ பெல்ட் போடலையாம்," என்று சிரித்தான் டுவெய்ன். "உன் பைய அங்கயா வச்ச?"

பை அவள் காலடியில் இருந்தது.

கிளிக்.

பீப் சத்தம் நின்றது. டுவெய்னின் சிரிப்பும் நின்றது.

பாசி வாடை. கழுத்தோரம் ஈரம். ஒரு சின்னக் கை முன்சீட்டுக்கு நீண்டு, எட்டாம் எண் வில்லையை அவள் மடியில் வைத்தது.

"இப்ப நீ தண்ணில இறங்குக்கா. உன்னோடத நான் மாத்திடறேன்."