பிரகாசியின் இசைவு

நவம்பர் மூன்றாம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புன்னைத்துறைக் கடற்படையின் வருடாந்தர ரிசர்வ் பயிற்சி தொடங்கியது. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பாதியிலேயே டிபன் வாங்கப் போய்விட்டார்.

கடற்படையில் மூன்று கப்பல்கள். பிப்ரவரியில் அவற்றுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மே மாதம் கொடியேற்றி, பேண்டு வாசித்து, அக்கரைக் கடற்படைக்கு வாழ்த்து அனுப்புவார்கள். ஆகஸ்டில் ஆமைக் கணக்கெடுப்பு. நவம்பரில் ஊராருக்குப் பயிற்சி. கடைசி நாளில் உண்மையான ரோந்து. கப்பலை ஓட்ட ஆள் தேவையில்லை. குறி பார்க்கவும் தேவையில்லை. எல்லாம் தன்னியக்கம்.

சுடுவதற்கு மட்டும் மனிதர் வேண்டும். கடற்கரை நாடுகளின் ஒப்பந்தம் அப்படி. சுடலாமா என்று கப்பல் கேட்கும். இசைவுத்தகட்டில் கட்டைவிரலை வைத்தால் சுடும். முன்பு இதற்கு நிரந்தர இசைவாளர்கள் இருந்தார்கள். ஆறே மாதத்தில் கப்பலோடு நட்பாகிக் கேட்டதற்கெல்லாம் விரல் வைத்தார்கள். அதனால் இப்போது ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் புது ஆட்களை எடுக்கிறார்கள்.

இந்த ஆண்டு பிரகாசிக்குச் சீட்டு விழுந்தது. தையல்கடை வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது, அலமாரி நிறைய வெட்டாத துணி. டாக்டர் சீட்டு கொடுத்துத் தப்பியிருக்கலாம். பயிற்சி அதிகாரி லெப்டினன்ட் மொராயஸ் கடைக்கே வந்து, "வந்துருவீங்கல்லம்மா?" என்று கேட்டார். "வந்துருவேன் சார்" என்றாள். யாரிடமும் அவள் முடியாது என்று சொன்னதில்லை.

"ரெண்டே வேலைதான்" என்றார் மொராயஸ். "சுடணும்னா விரலை வைங்க. வேண்டாம்னா முடியாதுன்னு சொல்லுங்க. ஒருத்தர் முடியாதுன்னா கேள்வி பக்கத்துல இருக்கவருக்குப் போகும். அவரும் முடியாதுன்னாத்தான் அந்தக் கேள்வி முடியும்."

பிரகாசியின் பக்கத்து நாற்காலி ரெமிஜியுசுக்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டாக் கடை நடத்துகிறவர். ஒத்திகையில் கப்பல் 'சுடட்டுமா' என்பதில் பாதி சொல்வதற்குள் விரலை வைத்துவிட்டார்.

"கேள்விய முழுசா கேளுங்களேன்" என்றார் மொராயஸ்.

"கேட்டு நின்னா கூட்டம் சேந்துரும் சார்."

அவர் தேறிவிட்டார். மனிதர் முடிவெடுக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது; யோசித்து எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பிரகாசியின் முறை வந்தது. கப்பலின் பெயர் வலம்புரி. பத்தாண்டுகளாகத் துறைமுகப் பேச்சைக் கேட்டு வளர்ந்த குரல்.

"யக்கா, நல்லாருக்கீங்களா? அந்தப் படகச் சுட்டுரட்டுமா? ஒங்க இஷ்டந்தான். நீங்க சொன்னாத்தான்."

திரையில் இருந்தது வரைந்த படகு. பிரகாசி விரலையும் வைக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லுங்கம்மா."

"எப்படி சார், மூஞ்சிக்கு நேரா?"

"அதுக்கு மூஞ்சியே இல்ல."

"இவ்வளவு மரியாதையா கேக்குதே."

மொராயஸ் யோசித்தார். "சரி. எம் மகளுக்குக் கோவில்ல புதுநன்மை குடுக்காங்க. ஒரு கவுன் தைக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள தருவீங்களா?"

"தந்துருவேன் சார்."

"பாத்தீங்களா! முடியாதுன்னு சொல்ல வைக்கத்தான் கேட்டேன்." மதிப்பெண் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவுன் நெசமாவே வேணும்."

ரோந்திலும் தேறாவிட்டால் டிசம்பரில் மறுபடி இரண்டு வாரம் வரவேண்டும். டிசம்பரில் கடையைப் பூட்டினால் ஊரே பழைய துணியோடுதான் கோவிலுக்குப் போகும். பிரகாசி வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று "முடியாது" என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் வருத்தப்பட்டாள்.

ரோந்து நாளில் வலம்புரியின் அறையில் மூன்று பேர்: பிரகாசி, ரெமிஜியுஸ், பின்னால் மொராயஸ். எல்லைக்கோட்டுக்கு இப்பால் ஒரு படகு கிடந்தது. ரேடியோவில் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பதில் சொல்லாத படகை வெடிமருந்து ஏற்றிய படகு என்றே கொள்ளலாம் என்பது விதி.

திரையில் படகு பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பேர். ஒருவன் இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்தான். மற்றவன் சட்டியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவன் நீலச் சட்டையில் வலது கை மட்டும் சிவப்பு நூலில் பிடித்துத் தைத்திருந்தது. கையால் போட்ட தையல். பழகாத கை.

"யக்கா" என்றது கப்பல். "சுட்டுரட்டுமா?"

"சார், எஞ்சின் கெட்டுல்ல கெடக்கு" என்றாள் பிரகாசி.

"நான் பேசக்கூடாதும்மா" என்றார் மொராயஸ். அவர் முகம் வெளிறியிருந்தது. சீட்டு முறை வந்த ஒன்பது ஆண்டுகளில் கப்பல் உண்மையாகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

முடியாது என்ற சொல் தொண்டை வரை வந்தது. பிரகாசி பக்கத்தில் பார்த்தாள். ரெமிஜியுஸ் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். சொல் உள்ளே போய்விட்டது.

"யக்கா?"

"தந்துருதேன்" என்றாள். "நாளைக்குக் காலைல."

கப்பல் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தது. மனிதர் எத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று அதில் இல்லை. எழுதியவர்கள் ஊரில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் அல்லர்.

"நாளைக்கா?"

"கண்டிப்பா."

"சரிக்கா. நாளைக்குக் கேக்கேன்."

ரெமிஜியுசின் விரல் அப்படியே நின்றது. மாலைக்குள் படகு நீரோட்டத்தில் அக்கரைப் பக்கம் ஒதுங்கிப் போயிற்று.

கரையில் மொராயஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். "கேள்வி ஒங்க பேர்ல நிக்குது. நீங்க பதில் சொல்லுத வரைக்கும் அந்தப் படகப்பத்தி வேற யாருகிட்டயும் அது கேக்க முடியாது."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"பரோட்டாக் கடைக்குப் போயிரும்."

"அப்ப இருக்கட்டும் சார். நான் தேறிட்டனா?"

"அதுவும் நாளைக்குச் சொல்லுதேன்" என்றார் மொராயஸ். அவருக்கும் பழகிவிட்டது.

மறுநாள் காலை கடை திறந்ததும் தொலைபேசி அடித்தது. "யக்கா, ஆச்சா?" கரண்ட் இல்லை என்றாள். அடுத்த நாள் மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது. அதற்கடுத்த நாள் கொழுந்தனாரின் மாமியார் இறந்துவிட்டார். கப்பல் உண்மையாகவே வருந்தியது. ஒரு வாரம் கழித்து அதே மாமியார் மறுபடி இறந்தபோது ஒரு கணம் தயங்கிவிட்டு, மறுபடியும் வருந்தியது.

இதற்கிடையே அந்தப் படகு திரும்ப வந்தது. இயந்திரம் சரியாகியிருந்தது. முன்னெச்சரிக்கையாக மற்ற படகுகள் எல்லைக்கோட்டைச் சுற்றிப் போக, அது மட்டும் உள்ளே வந்து வலைபோட்டது. பழைய கேள்விக்கே பதில் வராததால் வலம்புரி அருகில் போய்ப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது. நீலச் சட்டைக்காரன் கப்பலுக்குக் கைகாட்டுவதாகவும் சிவப்பு நூல் இன்னும் இருப்பதாகவும் கப்பலே பிரகாசியிடம் சொன்னது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல். கடைசி ரவிக்கையும் போய்விட்டது. மொராயஸின் மகளுடைய கவுன்கூட, மூன்று ஞாயிறு தாண்டி, போய்ச் சேர்ந்துவிட்டது. அலமாரி காலி. சொல்வதற்குப் பெல்ட்டோ பட்டனோ மிச்சமில்லை. தொலைபேசி அடித்தது. பிரகாசி கதவை உள்ளே தாழிட்டாள். மிஷினுக்கு உறை போட்டாள். முக்காலியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் கதவைத் தட்டும்போது செய்வதுதான்.

அடித்து ஓய்ந்த பிறகு தொலைபேசி தானாகவே திறந்துகொண்டது. கடற்படை அழைப்புக்கு அந்த உரிமை உண்டு.

"யக்கா, உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். அவசரமில்ல" என்றது கப்பல். "ஊர்ல எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். லேட்டானாலும் நீங்க ஒரு தடவகூட குடுக்காம விட்டதில்லையாமே?"