வெளியே தாழ் வைத்த அறை

எலுவன்குளத்துக் காட்டோரம், அந்தக் கட்டை வீட்டில் அன்று இருந்தவர்கள்: தச்சன் நௌஃபர், அவனுடைய தம்பி மிஹ்லார், காவல்காரர் அபூசாலி. வேறு யாருமில்லை.

ஆளில்லாத வீடென்றாலும் நௌஃபர் ஸலாம் சொல்லித்தான் நுழைவான். காலையில் சொன்னபோது பின்னறையிலிருந்து பதில் ஸலாம் வந்தது. தம்பி முந்திவிட்டான் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தால், மிஹ்லாரும் அபூசாலியும் வெளியே வேனிலிருந்து உளிப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

முழுப் பாலைமரங்களை அடுக்கி, இடுக்குகளில் களிமண் அப்பி, வெள்ளைக்காரக் காட்டதிகாரி ஒருவன் கட்டிய வீடு. கறையான் தின்றதை மாற்றி, எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே ஆக்க வேண்டும் என்பது உத்தரவு. பின்னறைக் கதவுக்குத் தாழ் வெளிப்பக்கம். அதன் குறுக்குக்கட்டை எப்போதோ உளுத்து உதிர்ந்திருந்தது.

"மரம் களவெடுத்தவங்கள இதுக்குள்ளதான் அடைச்சானாம் தொரை" என்றார் அபூசாலி. "கடைசியா அடைச்சவனத் திறக்காமலே கப்பலேறிட்டானாம். அந்தக் கட்டைய மட்டும் போடாத மகன்."

"பூட்டில்லாத மறியல்வீடு என்ன மறியல்வீடு மாமா?" மிஹ்லார் சிரித்தான். "வேணுமெண்டா உங்களையே உள்ளுக்குப் போட்டுப் பார்ப்பம்."

நௌஃபர் புதுக் கட்டையை இழைத்தான். மயிரிழை இடைவெளியில்லாமல் கொக்கிகளில் இறங்கியது. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு, கழற்றிச் சுவரில் சாத்தினான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அபூசாலி போய்விட்டார். களப்புப் பக்கத்து உப்புக்காற்று நின்றதும், சீவிய பாலைமரத்தின் மணத்துக்கு அடியில் வேறொரு வாடை, நெடுநாள் திறக்காத வாயின் வாடை, பின்னறையிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது. உள்ளே களிமண்ணைச் சுரண்டும் சத்தம். தம்பி இன்னும் வேலையை விடவில்லை என்று நினைத்தான்.

"மிஹ்லார், மஃரிபாகுது. வா, போவம்."

சுரண்டல் நிற்கவில்லை. இருட்டுமுன் தம்பியைக் கூட்டிவருவதாக உம்மாவிடம் சொல்லியிருந்தான். அவனை இழுத்துவரும் அவசரத்தில் உள்ளே பாய்ந்தான். ஸலாம் சொல்லவில்லை.

மிஹ்லார் அங்கே இல்லை.

அவனுடைய சுரண்டி தரையில் கிடந்தது. சுவரில், முழங்கால் உயரத்தில், நகக் கீறல்கள். ஈரமாக. புதிதாக.

கிணற்றடியிலிருந்து அண்ணனைத் தேடும் மிஹ்லாரின் குரல். "நானா, எங்க நிக்கிறீங்க?"

முதுகுக்குப் பின்னால், வாசலில், வேறொரு குரல். காலையில் கேட்ட குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. "வஅலைக்கும் ஸலாம்."

பிறகுதான் உறைத்தது. வருகிறவன் ஸலாம் சொல்வான். பதில் சொல்கிறவன் உள்ளே இருப்பவன்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே, புதுக் கட்டை கொக்கிகளில் இறங்கியது.

மயிரிழை இடைவெளியில்லாமல்.