ஏழாம் சில்லு

நேற்று மாலை அந்த இடைவெளிக்குள் ஒரு தாள்கூட நுழையவில்லை. இன்று பிற்பகல் பிரஷாந்தனின் இரண்டு விரல்கள் தாராளமாகப் போய் வந்தன.

விரல்களை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தான். மேலே இரும்புச் சில்லு, கீழே தண்டவாளம், நடுவில் குளிர்ந்த வெறுமை. எட்டாவது பெட்டி இரவோடிரவாக உயர்ந்திருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று விளங்க வேண்டுமானால், அந்தப் பெட்டி எப்படி நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது ஏதோவொரு தூர நகரத்தின் நிலத்துக்கடியில் முப்பத்தாறு வருடம் ஓடி ஓய்வுபெற்ற மெட்ரோப் பெட்டி. சாதாரண ரயிலைப்போல இரும்பில் ஓடியதல்ல, ரப்பர் டயரில் ஓடியது. பேருந்தின் டயரைப்போன்ற எட்டு டயர்கள் அதைத் தாங்கும். உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன்; டயர் சூடேறினாலும் அது தீக்கு உதவாது. ஒவ்வொரு டயருக்கும் பின்னால் சக்கரம்போல ஓர் இரும்புச் சில்லு, தண்டவாளத்துக்கு இரண்டு விரல் மேலே, எதையும் தொடாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டயர் ஒன்று ஓடும்போது இறங்கிவிட்டால் பெட்டி அந்த இரண்டு விரல் தாழும். இரும்புச் சில்லு தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பயணிக்கு ஒரு சின்னக் குலுக்கலோடு முடிந்துவிடும். குலுக்கலை எல்லாம் ரப்பர் வாங்கிக்கொள்வதால் பெட்டியின் உடம்பு நெடுங்காலம் வாழும். அதன் ஆயுளுக்குள் டயர்கள் பல தலைமுறை செத்துப் பிறந்துவிடும்.

ஓய்வுபெற்ற எட்டுப் பெட்டிகளை மெல்பேர்னின் மேற்கே, டார்னெய்ட்டுக்கு அப்பால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, உலோகம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அளந்து, பிறகு வெட்டிப் பிரிப்பதுதான் பிரஷாந்தனின் நிறுவனம் செய்த வேலை. வெட்டுவதற்கு முன் டயர்களை வெறுமையாக்க வேண்டும். வால்வின் உள்ளே இருக்கும் பித்தளை ஊசியைக் கழற்றினால் வாயு சீறிக்கொண்டு வெளியேறும். பிறகு அழுத்தமானியை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் மானி பொய் சொல்லும். பழைய ரப்பரின் உள்தூள் வால்வில் அடைத்துக்கொண்டால், டயர் நிறைய வாயு இருக்கும்போதே முள் பூச்சியத்தில் நிற்கும். அதனால்தான் இரண்டாவது ஆள். அவர் மானியைப் பார்ப்பதில்லை. இடைவெளியில் விரல் விட்டுப் பார்ப்பார். விரல் போகவில்லை என்றால் பெட்டி உண்மையாகவே இறங்கிவிட்டது. இருவரும் கையெழுத்திட்ட பிறகே டயரை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோக விளிம்பின் போல்ட்டுகளில் கை வைக்கலாம்.

நேற்று அவன் எட்டு ஊசிகளையும் தன் கையாலேயே கழற்றினான். மேசைக்குப் போய்த் தகர டப்பாவைத் திறந்து எண்ணினான். எட்டும் இருந்தன. வாயுவைப் பிடித்து வைக்க அந்தப் பெட்டியின் எந்த வால்விலும் எதுவும் இல்லை.

கூரையில் யூலை மாதத்துக் குளிர்கால மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. மூன்று மணியும் ஒன்பது மணியும் அங்கே ஒன்றுதான். நாள்பட்ட ரப்பரின் வாசனை, பழைய சுடுதண்ணீர்ப் பையைத் திறந்தால் வருவது, இன்று வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது.

பக்கக் கதவு திறந்தது. பாதுகாப்புப் பொறுப்பாளர் கிரிஜா, குடையை உதறியபடி எட்டிப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரி, பக்கத்துப் புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து வருபவள்.

"பிரஷாந்தன், கிரேன் லாரி தப்பான கேட்டுக்குப் போய் நிக்குது. டிரைவர் என்னைத் திட்றான். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். ஷீட் முடிஞ்சுதா?"

"ஏழாவது மட்டும் மிச்சம்."

"அது பெட்டிக்கு அடியில குழிக்குள்ள இறங்கித்தான் பாக்கணும், இல்ல? நீங்க மானி பாருங்க. வந்து நான் விரல் வெச்சுப் பாத்துட்டு சைன் போடறேன். பாக்காம போட்டுட்டு யோகா சார் மாதிரி ஸ்லைடுல வர எனக்கு ஆசை இல்லப்பா."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கதவு மூடியது.

பெட்டி உயர்ந்திருக்கிறது என்று அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. யோகாவின் பெயரைக் கேட்டால் அவன் வாய் தானாகவே மூடிக்கொள்ளும். இரண்டு வருடப் பழக்கம்.

யோகா அண்ணை இந்தப் பெட்டியில்தான் செத்தார். ஒரு வெள்ளிக்கிழமை. அவர் மானி பார்க்க, பிரஷாந்தன் இரண்டாவது ஆள். மகள் அக்ஷராவுக்கு அன்று தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி. பிந்திவிடும் என்று, தேநீர் குடித்துக்கொண்டே எட்டு வரியிலும் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டான். "நீங்கள் பாத்தா நான் பாத்த மாதிரித்தானே அண்ணை," என்று தாளை நீட்டினான். அண்ணை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார். "போயிட்டு வாடா. பிள்ளை மேடையில நிண்டு உன்னைத் தேடும்." ஏழாம் சில்லு சுவரோரம். குழிக்குள் இறங்கி, குனிந்து, விரல் விட வேண்டும். வால்வு அடைத்திருந்தது. மானி பூச்சியம் காட்டியது. இரண்டாவது கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவர் போல்ட்டைக் கழற்றினார். விளிம்பு பறந்தது.

சத்தம் கேட்டபோது பிரஷாந்தன் கார் நிறுத்துமிடத்தில் இருந்தான். முதலில் ஓடிவந்தவனும் அவன்தான். உதவிக்கு ஆட்களைக் கூப்பிட்டான். அவர்கள் வருவதற்குள் இருந்த ஐந்து நிமிடத்தில் தாளைக் கிழித்து, அண்ணையின் கையெழுத்தையும் பார்த்துப் போட்டு, புதிதாக ஒன்று எழுதினான். அதில் ஏழாம் வரியின் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

இரண்டாவது ஆளுக்குக் காத்திராமல் போல்ட்டைக் கழற்றியவர் என்று விசாரணை முடித்தது; பெட்டியை மறுபடி வாயு நிரப்பி ஒதுக்கி, இரண்டு வருடம் வெட்டாமல் வைத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தது பிரஷாந்தன். நன்றாக விளக்குவான் என்று பெயர். மூன்றாவது ஸ்லைடில் அண்ணையின் படம். கீழே, 'அவசரம்' என்று ஒற்றைச் சொல்.

கைபேசி அதிர்ந்தது. இரஞ்சிதம் அக்கா. அண்ணையின் மனைவி.

"தம்பி, வேலையில நிக்கிறீரோ? குழப்புறனோ?"

"இல்லை அக்கா, சொல்லுங்கோ."

"நாளைக்கு அவற்ற திவசம். அந்தப் பெட்டியை வெட்டப் போறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். அதுதான் கடைசியா ஒருக்காக் கேப்பம் எண்டு." அவள் நிறுத்தினாள். பின்னால் குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம். "வீட்டில காஸ் அடுப்பையே மூண்டு தரம் பாக்கிற மனுசன் தம்பி. கோயில்ல சனம் என்னைப் பாத்து, பாவம், அவசரக்காரன்ர பெண்சாதி எண்டு கதைக்குது. சொல்லும். அவர் பாக்காமத்தான் விட்டவரோ?"

மழை கூரையில் இறங்கியது. இப்போது சொல்லலாம். ஒரு வாக்கியம்தான்.

"ஓம் அக்கா," என்றான். "அவர்தான் பாக்காமல் விட்டவர்."

"சரி தம்பி."

அவள் வைத்த அதே கணத்தில் பெட்டி அசைந்தது.

பெரிய அசைவு இல்லை. நித்திரையில் இருப்பவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது போர்வை உயருமே, அவ்வளவுதான். பழைய இணைப்புகள் முனகின. அவன் மண்டியிட்டு விரலை விட்டான். இரண்டு விரல் போய், மூன்றாவதும் போனது.

வால்வுத் துளையில் காதை வைத்தான். வாயு வெளியேறும் சீறல் கேட்கும் என்று எதிர்பார்த்தான். கேட்டது. ஆனால் அது வெளியே வரவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் கன்னத்து மயிர்கள் துளையை நோக்கிச் சாய்ந்தன.

எழுந்து பின்வாங்கினான். கதவு இருபது அடியில் இருந்தது. போய்விடலாம். கிரிஜா வருவாள். வந்ததும் குழிக்குள் இறங்குவாள். ஏழாம் சில்லுக்குக் கீழே குனிந்து விரல் விடுவாள். ஏனென்றால் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தச் சில்லைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டு, அக்காவிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே. இப்போதே.

குழிக்குள் ஏழு படிகள். கைவிளக்கின் வெளிச்சத்தில் எண்ணெய்க் கறையும் தூசும். பெட்டியின் அடிவயிறு தலைக்கு மேலே தாழ்ந்து கிடந்தது. வாசனை அங்கே கனத்திருந்தது. டயர்களை எண்ணியபடி நடந்தான். ஐந்து. ஆறு. ஒவ்வொரு டயரும் விறைத்து, பளபளத்து, புதிதாகப் பிறந்ததுபோல இருந்தது.

ஏழு.

அன்று வெடித்த டயருக்குப் பதிலாக, பெட்டியை நகர்த்துவதற்காக வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய டயர். அதன் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். சூடு. உடம்புச் சூடு. கைக்குக் கீழே அது மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது.

கையை எடுத்தான். கைபேசியை எடுத்தான். அக்காவின் எண்ணை அழுத்தினான். மணி இரண்டு தரம் அடித்தது.

"தம்பி?"

"அக்கா," என்றான். ஏழாம் சில்லை நான் பார்க்கேல்லை. முன்கூட்டிக் கையெழுத்து வைச்சது நான். தாளைக் கிழிச்சது நான். எல்லாவற்றையும் சொன்னான். உதடுகள் அசைந்தன. நாக்கு அசைந்தது.

சத்தம் வரவில்லை.

மூச்சை இழுத்தான். நெஞ்சு நிறைந்தது. திரும்பவும் சொன்னான். ஒன்றும் இல்லை. மூச்சு அவன் வாயிலிருந்து புறப்பட்டு, குளிரில் வெள்ளையாகி, நூலைப்போல நீண்டு, வால்வுத் துளைக்குள் போனது.

"தம்பி, கேக்குதோ? ஏதும் சொல்ல எடுத்தனீரோ?"

அப்போது ரப்பர் அசைந்தது. பக்கச் சுவரின் நடுவில் ஒரு மேடு. அதன் இருபக்கமும் இரண்டு பள்ளங்கள். ஈரத் துணியை முகத்தில் இழுத்துப் போர்த்தியதுபோல, உள்ளிருந்து ஒரு நெற்றி, மூக்கு, தாடை.

யோகா அண்ணை, என்று நினைத்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

விளக்கை உயர்த்தினான்.

அது யோகாவின் முகம் இல்லை. அவன் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்யும் முகம்.

கறுத்த உதடுகள் விரிந்தன. தெளிவாக, நிதானமாக, வகுப்பில் விளக்குவது போல, அவனுடைய குரல் டயருக்குள்ளிருந்து வந்தது.

"ஓம் அக்கா. அவர்தான் பாக்காமல் விட்டவர்."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் நம்பாமல் இருந்திட்டன் தம்பி," என்றாள். "நீர் இவ்வளவு தரம் சொல்லியும். மன்னிச்சுக்கொள்ளும். இனிக் கேக்கமாட்டன்."

அவன் கத்தினான். வெள்ளை மூச்சு ஒரு கயிறாகத் துளைக்குள் இறங்கியது. பெட்டி இன்னும் ஒரு விரல் உயர்ந்தது. அந்த முகம் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து, கண்ணிமைகளைத் திறந்து, அவன் கையிலிருந்த கைபேசியை நோக்கிப் பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தது.