அம்சவேணி விழித்திருந்த பன்னிரண்டு நிமிடம்

அம்சவேணியை நான் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெண்கள் வார்டில். மறுநாள் ஆபரேஷன் என்றால் முந்தின நாளே போய் நோயாளியைப் பார்த்துவிட வேண்டும். மயக்க மருந்தியல் படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது அதுதான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கணும், ஆடுகிற பல் இருக்கிறதா என்று கேட்கணும், கழுத்து எவ்வளவு தூரம் பின்னால் சாய்கிறது என்று பார்க்கணும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எழுதணும்.

நான் அந்த மேற்படிப்பில் இரண்டாம் வருடம். காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம். என் சொந்த ஊர் மாகறல். எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள் நான். வீட்டில் எல்லாரும் என்னை 'டாக்டர் சுகாசினி' என்று முழுப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அம்சவேணிக்கு நாற்பத்தொரு வயது. பித்தப்பையில் கல். பிள்ளையார்பாளையத்தில் வீடு. புருஷன் கோதண்டபாணி பட்டு நெய்கிறவர், இவர் அவருடைய தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பவர். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"எத்தினி நாள்ல எழுந்து வேலை பாக்கலாம் டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு வாரம் போகட்டும்மா" என்றேன்.

புதன்கிழமை காலையில் தியேட்டருக்குப் போனேன். எங்கள் தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஸ்பிரிட் வாசனையும், அதற்கு அடியில் மயக்க வாயுவின் லேசான தித்திப்பு வாசனையும் எப்போதும் இருக்கும். தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் மெஷினைச் சோதித்து ஒரு தாளில் டிக் போட வேண்டும். மயக்க வாயுவைக் கொடுக்கும் மருந்துக் குப்பி மெஷினில்தான் பொருத்தியிருக்கும். அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு சின்னக் கண்ணாடி உண்டு.

அன்றைக்கு அந்தக் கண்ணாடியை நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்ததாக டிக் போட்டேன்.

குப்பியை நிரப்பி வைப்பது டெக்னீஷியன் அந்தோணி அண்ணன் வேலை. பதினெட்டு வருஷமாக அதே தியேட்டரில் இருப்பவர். அன்று பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தார். நான் பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்தார், அவர் நிரப்பியிருப்பார் என்று நான் நினைத்தேன்.

அம்சவேணியை ஊசி போட்டுத் தூங்க வைத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தைப் போட்டு, தொண்டையில் டியூப் வைத்தேன். முதல் தடவையிலேயே டியூப் சரியாகப் போனது. என் பேராசிரியர் காந்தா மேடம் பக்கத்தில் நின்று பார்த்து, "நல்லா பண்ணினே" என்றார். பிறகு அடுத்த தியேட்டரில் ஒரு சிக்கலான கேஸ் என்று கூப்பிட்டார்கள். "பாத்துக்கோ, வந்துடுறேன்" என்று போனார்.

நான் என் லாக்புக்கை எடுத்தேன். அதுவரை செய்த கேஸ்களை எல்லாம் அதில் எழுதி அன்று மத்தியானத்துக்குள் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்கானது பாக்கி இருந்தது. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

எதிர்ப்பக்கம் நர்ஸ் மேரி சர்ஜனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "அரக்குல பச்ச பார்டர் போட்டது எந்தக் கடையில நல்லா இருக்கும் சார்? தங்கச்சி நிச்சயத்துக்கு."

"எனக்கென்னம்மா தெரியும், எங்க வீட்டுக்காரம்மாவத்தான் கேக்கணும்" என்றார் சர்ஜன். கொஞ்ச நேரம் கழித்து உதவிக்கு நின்றவரிடம், "நல்லா ஒட்டிக்கினு இருக்குது. இழு. இன்னும் இழு" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் சுகாசினி, பல்ஸ் ஏறுதே?"

மானிட்டரில் நூற்று இருபத்தாறு. வலிக்கு இன்னொரு ஊசி போட்டேன். இறங்கவில்லை. நூற்று முப்பத்தொன்று.

மூடிய இமைகளின் மேல் ஒட்டியிருந்த டேப்பின் ஓரமாக ஈரம் தெரிந்தது. ஈரம் காதுப்பக்கம் இறங்கி, துணித்தொப்பியை நனைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். காலி.

அவர் உடம்பில் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்து மட்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. முதலில் போட்ட ஊசியின் தூக்கம் எப்போதோ போய்விட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம்.

நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். கத்தியைக் கீழே வைக்கச் சொல்லியிருக்கலாம். அந்தோணி அண்ணனைக் கண்ணால் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், முகம் வெளுத்தது, பேசாமல் குப்பியை நிரப்பினார். நான் தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே குனிந்து அவரிடம் கிசுகிசுத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா."

நான் குனிந்தது அம்சவேணியின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பை எழுதும் தாளில் 82, 84, 80 என்று எழுதினேன்.

மறுநாள் வார்டில் அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கோதண்டபாணி பக்கத்தில் நின்றிருந்தார்.

"டாக்டரம்மா, நான் முழிச்சுக்கினு இருந்தேன்மா. எல்லாம் கேட்டுச்சு. அறுக்குறது தெரிஞ்சுது. கத்தணும்னா வாய் வரல, கை வரல. அரக்குப் பொடவ பத்திப் பேசினாங்க. நீங்ககூட..."

"மயக்க மருந்துல சில பேருக்குக் கனவு மாதிரி வரும்மா" என்றேன் அவசரமாக. "பொடவப் பேச்சு நீங்க உள்ள வரும்போது காதுல விழுந்திருக்கும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

கோதண்டபாணி பெருமூச்சு விட்டார். "டாக்டரம்மாவே சொல்றாங்க இல்ல? சும்மா அதையே பேசிக்கினு இருக்காத" என்று அவரை அதட்டினார். அம்சவேணி என் கையை விட்டுவிட்டார்.

ஏழு வாரம் கழித்து அந்தோணி அண்ணன் வந்து சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தம்மா தூங்குவதே இல்லையாம். கண்ணை மூடினால் கைகால் வராமல் போய்விடும் என்று பயமாம். ராத்திரி பகல் உட்கார்ந்தே இருப்பாராம். அன்றைக்குக் காலையில் ரோட்டைக் கடக்கும்போது, எதிரே வந்த வேன் கண்ணில் படாதவர் மாதிரி நடந்து போனாராம்.

"போயிட்டாங்கமா" என்றார்.

பத்து மணிக்கு அடுத்த கேஸ் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் முதலாவது நடந்தது. முசரவாக்கத்துப் பெரியவர் முனுசாமி, குடலிறக்க ஆபரேஷன். எல்லாம் முடிந்து டியூபை எடுத்தேன். "பெரியவரே, கண்ணத் தொறங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அரக்குல பச்ச பார்டர் போட்டது எந்தக் கடையில நல்லா இருக்கும் சார்?"

காஞ்சிபுரத்தில் யார்தான் புடவையைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண் விழித்ததும், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "நானா?" என்று சிரித்தார்.

நான்கு நாள் கழித்து ஒரு காலேஜ் பெண். குடல்வால் ஆபரேஷன். ரெகவரி அறையில், மத்தியான வேளையில், ஆக்சிஜன் மாஸ்க்குக்கு உள்ளிருந்து சொன்னாள்.

"இழு. இன்னும் இழு."

தூக்கத்தில் பேசுகிற குரல் இல்லை அது. சர்ஜன் சொன்ன அதே அழுத்தம், அதே இடைவெளி. அவள் சொல்லி முடித்ததும் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் இறங்கியது.

வாக்கியங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அடுத்தது எது என்று எனக்குத் தெரியும்.

சொல்லி வைத்த மாதிரி, கால் எலும்பு முறிந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் விழிக்கும்போது என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு என் பேர் தெரிய வழியே இல்லை. எமர்ஜென்சியில் வந்தவர். நான் மாஸ்க் போட்டிருந்தேன்.

"ஏன் சுகாசினி, பல்ஸ் ஏறுதே?"

அன்றிலிருந்து நான் மயக்கம் தெளிவிக்கும் வேளை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போனேன். ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது என் வாக்கியம். அதை யார் வாயிலிருந்து, யார் முன்னால் கேட்கப் போகிறேன் என்ற நினைப்பிலேயே சாப்பிட்டேன், குளித்தேன், நோயாளிகளிடம் பேசினேன்.

காந்தா மேடம் கவனித்துவிட்டார். "கேஸ ஆரம்பிக்கிறது மட்டும் படிப்பு இல்ல சுகாசினி. முடிக்கவும் தெரியணும். இன்னிக்கு நான் கூட நிக்கிறேன், நீ முடி" என்றார்.

வயதான அம்மா ஒருவர், அலமு என்று பேர். தைராய்டு கட்டி. ஆபரேஷன் பாதியில் இருந்தது. தொண்டையில் டியூப் இருந்தது. டியூப் குரல்நாண்களுக்கு நடுவில் போகிறது. அது உள்ளே இருக்கும்போது மனிதரால் குரல் எழுப்ப முடியாது. முதல் வருடத்திலேயே படித்தது அது. மருந்துக் கண்ணாடியை மூன்று தடவை பார்த்திருந்தேன். நிறைய இருந்தது. நாடி எழுபத்திரண்டு.

உதடுகள் டியூபைச் சுற்றி அசைந்தன.

மெல்ல. ஒவ்வோர் எழுத்தாக.

"யார்கிட்டயும்... சொல்லிடாதீங்க... அண்ணா."

கிசுகிசுப்புதான். என் குரலில்.

என் கையில் இருந்த ஊசி கீழே விழுந்தது. காந்தா மேடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன சத்தம்? டியூப் பலூன்ல காத்து கசியுது போல. பாரு."

அவ்வளவுதான். மேடத்துக்கு அது வெறும் காற்றுச் சத்தம். நான் ஒரு சிரிஞ்சால், டியூபைச் சுற்றித் தொண்டையை அடைக்கும் அந்தப் பலூனில் கொஞ்சம் காற்றை ஏற்றியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இனி வருவதற்கு வாக்கியமும் இல்லை.

எதிரே அந்தோணி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கும் கேட்டுச்சுமா" என்றார்.

அலமு அம்மாவை வார்டுக்கு அனுப்பிய பிறகு, காந்தா மேடத்தின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். மேடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம் மேடம்."

"சார்ட்ல என்ன எழுதின?"

"பொய் மேடம். எம்பத்திரண்டு, எம்பத்துநாலுன்னு."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நான் வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போய் வராம இருந்தேன். அதையும் சேத்து எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அந்தோணி அண்ணனும் கொடுத்தார். விசாரணை முடிவதற்குள் நானே பிள்ளையார்பாளையம் போனேன். காலை பத்து மணி இருக்கும். தெரு முழுக்கத் தறிச் சத்தம். கோதண்டபாணி தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு பெண் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

சொன்னேன். ஒன்று விடாமல்.

அவர் தறியில் இருந்த பட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவ சொன்னதெல்லாம் நெஜந்தானா?"

"நெஜந்தாங்க."

"நான் அவள அடிச்சேன்மா" என்றார். "ஒரு நாள். தூங்காம ஒக்காந்துக்கினு இருந்தா. டாக்டரம்மா கனவுன்னு சொன்னாங்க, உனக்கு இன்னாடி வந்துச்சுன்னு அடிச்சேன். அப்பறம் அவ எங்கிட்ட எதுவுமே பேசல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

காலை மிதியில் வைத்தார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அந்தச் சத்தத்தோடு தெருவில் இறங்கி நடந்தேன்.

என் படிப்பை ஆறு மாதம் நீட்டினார்கள். அந்தோணி அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கோதண்டபாணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எழுத்தில் மன்னிப்புக் கடிதம் போனது. அவர் அதைப் பிரித்தாரா என்று தெரியாது. நான் மயக்கம் தெளிவிக்கும் நோயாளிகள் இப்போது எல்லாரையும் போலத்தான் விழிக்கிறார்கள். தண்ணீர் கேட்கிறார்கள், பிள்ளைகள் பேரைச் சொல்கிறார்கள். வேறெதுவும் பேசுவதில்லை.

விசாரணைக்குப் பிறகு தியேட்டருக்கு ஒரு புது மானிட்டர் வாங்கினார்கள். நெற்றியில் ஒட்டும் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர். நோயாளி எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறார் என்பதை எண்ணாகக் காட்டும். ஐம்பதை ஒட்டி இருந்தால் நல்ல தூக்கம். நூற்றை நெருங்கினால் முழு விழிப்பு. யார் நெற்றியிலும் ஒட்டவில்லையென்றால் எண்ணே வராது, திரையில் வெறும் கோடுதான்.

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் தனியாக தியேட்டருக்குள் போனேன். முதல் நோயாளி இன்னும் வரவில்லை. குனிந்து மருந்துக் கண்ணாடியைப் பார்த்தேன், நிறைய இருந்தது. புது மானிட்டரைப் போட்டேன். அதன் பட்டை, துவைத்து விரித்த பச்சைத் துணியின் மேல், தலை வைக்கும் இடத்தில் கிடந்தது. மேஜை காலியாக இருந்தது.

திரை வெளிச்சமானது.

97.

ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். மானிட்டரை அணைத்துப் போட்டேன்.

97.

மயக்க வாயுவின் தித்திப்பு வாசனை வந்தது. மெஷினை நான் இன்னும் திறக்கவில்லை.

தலைமாட்டில் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலித் துணியை நோக்கிக் குனிந்தேன்.

"அம்சவேணிமா" என்றேன். "நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன்.

98.